சிவப்பு இருபது, பச்சை இருபது

மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். முதலில் மாட்டேன் என்றேன். நீங்களெல்லாம் காலேஜில் படித்துவிட்டு வந்தவர்கள். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். எதையாவது நான் தப்பாக எழுதிவைத்து, அதைப் படித்து உங்களில் ஒருவர் ஒரு மருந்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது? இந்த யோசனையில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். "நீங்க செஞ்ச தப்பையே எழுதுங்க. அதுல தப்பு வராது" என்றாள். சரிதான் என்று பட்டது. எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரே கடையில் முப்பத்து மூன்று வருஷம் நின்றவன் நான். மூட்டை பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்து, பிறகு அலமாரி அடுக்கி, பிறகு கவுண்டருக்கு வந்தேன். சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துத் தருவதற்குப் படித்த பார்மசிஸ்ட் ஒருவர் எங்கள் கடையில் உண்டு. எடுத்த மருந்தை எப்படிச் சாப்பிடவேண்டும், எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று வந்தவருக்கு விளங்குகிற பேச்சில் சொல்லி அனுப்புவது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை முதலாளி எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் என் பயம்தான். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன், மருந்தையும் மூன்று தரம் சொல்லுவான் என்று அவர் நினைத்தார். பயந்தவன் அதிகம் பேசுவான் என்பது சரிதான். அதிகம் பேசுவதிலும் ஒரு ஆபத்து உண்டு என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் சொல்லப்போவது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது எங்கள் கடையில் சர்க்கரை வியாதிக்கு ஊசி மருந்து வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருத்தி வேலுத்தாய். கழுகுமலை போகிற ரோட்டில் இறங்கி உள்ளே மூன்று மைல் நடக்கவேண்டிய ஒரு கரிசல் கிராமத்துக்காரி. முப்பது வயது இருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற வேலை. அதாவது மருந்தில் முக்குவதற்கு முன்னால் குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்குவது. புருஷன் லாரியில் கயத்தாறு, மதுரை என்று போய்விடுவான். வீட்டில் அவளும் மாமியாரும்தான். ஒரு குப்பி இன்சுலினின் விலை அவளுக்கு ஒரு வாரக் கூலி. தினம் இருபது யூனிட் போட்டால் அந்தக் குப்பி இருபது நாளைக்கு வரும்.

யார் எந்த மருந்தை எப்போது வாங்கினார்கள் என்பது எனக்கு மனசில் நிற்கும். அடுத்தது வாங்க வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கவலைப்படுவேன். வேலுத்தாய் ஒருமுறை வந்தபோது நாள் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான் என்று ஞாபகம் வந்தது. வேறு கடையில் ஏதும் வாங்கினாயா தாயி என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பக்கத்தில் நின்றவர் போகும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஒரு நாளு விட்டு ஒரு நாளு போட்டுக்கிடுதேன் அண்ணாச்சி. போடுத நாளு எனக்கு. போடாத நாளு வீட்டுக்கு. டாக்டரம்மாட்ட சொல்லிராதிய."

கணக்கு எனக்கு உடனே புரிந்துவிட்டது. போடாத நாளின் மருந்துக் காசு அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் போகிறது. அவள் கன்னம் ஒட்டியிருந்ததற்கும், பாதம் எரிகிறது என்று நின்றுகொண்டே காலை மாற்றி மாற்றி வைத்ததற்கும் காரணம் அதுதான்.

சொல்லாதே என்றாள். நான் நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் டாக்டரம்மாவின் கிளினிக்கில் போய் நின்றேன். ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லலாமா என்று இன்றைக்கும் நான் யோசிப்பதுண்டு. ஆனால் மருந்து எழுதுகிறவருக்கு உண்மை தெரியாமல் இருந்தால் அவர் எழுதுகிற அளவு முழுவதும் பொய்யாகிவிடும். சொன்னது சரி என்றுதான் முடிவுக்கு வருகிறேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "ஆறு மாசமா ஏன் சர்க்கரை இறங்கலைன்னு நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் என் மனசில் நாலு நாளாகப் போட்டுவைத்திருந்த கணக்கைச் சொன்னேன். அந்தக் காலத்தில் இன்சுலின் இரண்டு பலத்தில் வரும். ஒன்றில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். மற்றதில் எண்பது. குப்பி இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன். எண்பது யூனிட் குப்பியில் மருந்து இரண்டு மடங்கு, விலையோ ஒன்றரை மடங்குகூட இல்லை. நாற்பது நாளைக்கு வரும். வேலுத்தாய் இப்போது அரை மருந்துக்குக் கொடுக்கிற காசோடு இன்னும் கொஞ்சம்தான் சேரவேண்டும், தினமும் முழு ஊசியும் போட்டுக்கொள்ளலாம். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். எண்பது என்று புதுச் சீட்டு எழுதி, எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போட்டு என்னிடம் தந்தார்.

"ஊசிக் குழல்ல சிவப்புப் பக்கம் பார்க்கக் கூடாது, பச்சைப் பக்கம் பார்க்கணும். வாயால சொல்லாதீங்க. கையில குழலை வச்சுக் காட்டுங்க. உங்க பேச்சை அவ கேப்பா" என்றார்.

அன்றைய கண்ணாடிக் குழலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து வருஷக்கணக்கில் பயன்படுத்துவது. ஒரு பக்கம் சிவப்பில் எண், அது நாற்பது பலத்துக்கு. குழலைத் திருப்பினால் மறுபக்கம் பச்சையில் எண், அது எண்பது பலத்துக்கு. எண்பது மருந்தைச் சிவப்பு இருபது வரை இழுத்தால் உடம்புக்குள் போவது நாற்பது யூனிட். இது ஏதோ பழைய கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இன்றைக்கு உங்கள் தட்டில் நாற்பதுக்கு ஒரு சிரிஞ்சும் நூறுக்கு ஒரு சிரிஞ்சும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கின்றன.

ஐப்பசி மாதம், மழை பிடித்திருந்த சமயம். வேலுத்தாய் காலை பதினோரு மணிக்கு வந்தாள். மருந்து தீர்ந்து இரண்டு நாளாகிறது என்றாள். வீட்டுக்குப் போனதும் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அன்று சந்தை நாள், கவுண்டரில் நாலு வரிசைக்கு ஆள். பார்மசிஸ்ட் எண்பது குப்பியைச் சீட்டோடு சரிபார்த்து என் கையில் வைத்தார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். புதுக் குப்பி தாயி, விலை கொஞ்சம் கூட, ஆனால் நாற்பது நாளைக்கு வரும். புதுப் பானையில் ஆற்று மணலைக் கொட்டி நனைத்து, அதற்குள் புதைத்து வை. மணல் காயக் கூடாது. வெயில் படக் கூடாது. அடுப்பங்கரையில் வைக்காதே. குலுக்காதே, உள்ளங்கையில் உருட்டு. மூடியைத் துடை. குழலை நன்றாகக் கொதிக்கவை, ஆறவிட்டு எடு. நேற்றுப் போட்ட இடத்தில் இன்று போடாதே. ஊசி போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதே. இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினாள். பின்னால் நின்ற ஒரு பெரியவர், "அண்ணாச்சி, பிள்ளைக்கு மருந்து குடுக்கியளா, சீர்வரிசை குடுத்து அனுப்புதியளா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மணிக்குத் தூக்குவாளியைத் திறந்து சோற்றில் கைவைத்தேன். பச்சைப் பக்கம் என்று சொன்னேனா?

பானை சொன்னேன். மணல் சொன்னேன். குலுக்காதே சொன்னேன். பச்சை சொன்ன ஞாபகம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. குழலைக் கையில் எடுத்துக் காட்டவில்லை என்பது மட்டும் நிச்சயம். காட்டாதது தெரிந்தபிறகு சொன்னேனா இல்லையா என்பதில் என்ன இருக்கிறது என்று இப்போது புரிகிறது. அப்போது அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். கையைக் கழுவிவிட்டு முதலாளியிடம் போனேன்.

அவர் என் குணம் அறிந்தவர். "ஏலே, இதும் அந்தப் பூட்டுக் கததானா?" என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை விட்டுவிட்டு, "சொன்னியா, சொல்லலியா? ஒண்ணு சொல்லு" என்றார்.

"தெரியல முதலாளி."

"தெரியலன்னா சொல்லலன்னுதான் அர்த்தம். கெளம்பு."

இந்த நாலு சொல்லுக்காக அந்த மனுஷனை நான் தினமும் நினைக்கிறேன். கடை நிறைய ஆள் நிற்கிறது, கவுண்டரில் நான் ஒருத்தன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருந்தால் நானும் சரி என்று நின்றிருப்பேன். நின்றுகொண்டே பயந்திருப்பேன், அவ்வளவுதான். பயத்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, அது காலை நகர்த்தாத வரைக்கும். என் காலை நகர்த்தினவர் அவர்.

ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டையும் ஒரு ஊசிக் குழலையும் பையில் போட்டுக்கொண்டு கழுகுமலை பஸ்ஸைப் பிடித்தேன். அவள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கும்போது மணி மூன்றரை. ஊசி போட்டு நாலைந்து மணி நேரத்தில் அந்த மருந்து முழு வேகத்துக்கு வரும். விலக்கில் இருந்த டீக்கடையில் ஒரு சைக்கிளைக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்பது இந்தப் பக்கத்துக்காரனான எனக்குத் தெரியாதா? அவசரத்தில் தெரியவில்லை. இருநூறு கெஜம் போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பி, சக்கரம் சுற்ற மறுத்துவிட்டது. குச்சி ஒடித்துக் குத்திக் குத்தி எடுத்தேன். இன்னும் இருபது கெஜம், மறுபடியும் அப்பியது. சைக்கிளை ஒரு வேலி மரத்தில் சாய்த்துவிட்டு நடந்தேன். செருப்பு இரண்டும் மண்ணோடு போயின. பருத்திக் காட்டுக்கு நடுவே ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, சொன்னேனா, சொல்லவில்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

வேலுத்தாய் வீடு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள்.

உள்ளே அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை தண்ணீரில் நனைத்த மாதிரி வேர்வை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. மாமியார் முகத்தைத் துடைக்கப் போக, அவர் கையைத் தட்டிவிட்டு, யாரையோ பார்த்துச் சட்டத்தை எடு, சட்டத்தை எடு என்று குழறினாள். வாசலில் நின்றவர்கள் காட்டு வழியில் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். திருநீறு வாங்கிவர ஒருத்தி போயிருந்தாள். மூலையில் ஈரமணல் பானை இருந்தது. நான் சொன்ன மாதிரியே, அடுப்பை விட்டுத் தள்ளி, வெயில் படாத இடத்தில்.

பையிலிருந்து குளுக்கோஸைப் பிரித்து, ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முழங்கால் வரை சேறு, வெறுங்கால். கோவில்பட்டி மருந்துக் கடைக்காரன் என்றேன். அவர் பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"இனிக்கிது."

ஆமாம் என்றேன்.

"சக்கரைக்காரிக்குச் சக்கரையவா கொண்டாந்தீரு? இனிப்பே ஆவாதுன்னு டாக்டர் சொல்லி, ஒரு வருஷமா இந்த வீட்டுல கருப்பட்டி வாங்கல. அவ ஆசப்பட்டுறக் கூடாதுன்னு நானும் வெறும் கடுங்காப்பிதான் குடிக்கேன். நீரு வந்து எம் மருமவ வாயில இதப் போடப் பாக்கீரு?"

பாக்கெட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். வாசல் பெண்களும் அவர் பக்கம்தான். அவர்கள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு வருஷமாக நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள்.

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு அப்போது இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, மருந்தை உங்கள் மருமகள் தப்பாக ஏற்றிக்கொண்டாள் என்று சொல்வது. அதுவும் ஒரு வகையில் உண்மைதானே என்று மனசு எடுத்துக் கொடுத்தது. அப்படிச் சொன்னால் என் மேல் பழி வராது. ஆனால் எம் மருமகளா தப்புச் செய்வாள் என்று அந்த அம்மா சண்டைக்கு வருவார், அந்தச் சண்டை முடிவதற்குள் அவள் நினைவு தப்பிவிடும். இன்னொன்று, என் தப்பு என்று சொல்வது. சொன்னால் அந்த ஊர் என்னை உயிரோடு விடுமா? போலீஸ் வருமா? கடையை மூடுவார்களா? என் பிள்ளைகள் முகம்கூட வந்துபோயிற்று. இவ்வளவும் வேலுத்தாய் ஒருமுறை தலையைச் சாய்த்து நிமிர்த்துகிற நேரத்துக்குள்.

"அம்மா, தப்பு எம்மேல. இன்னைக்கு நான் குடுத்தது புது மருந்து. பழைய கோட்டுல இழுத்தா ரெண்டு மடங்கு உடம்புல ஏறிரும். அத நான் சரியாச் சொல்லிக் குடுக்கல. இப்ப அவங்க ரத்தத்துல சக்கரையே இல்ல. இனிப்பு உள்ள போகலன்னா ஆளு நமக்கு இல்ல."

மாமியார் என் முகத்தையே பார்த்தார்.

"நீரு சொல்லிக் குடுக்காததாலயா?"

"ஆமாம்மா. நான் சொல்லிக் குடுக்காததாலதான்."

அவர் எழுந்து தம்ளரை எடுத்தார். கரைத்தது நான், புகட்டியது அவர். விழுங்குகிறாளா, விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு மிடறாக. ஒரு தம்ளர் போயிற்று. இரண்டாவதில் பாதி போகும்போது கை நடுக்கம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் வேலுத்தாய் கண்ணை நிலைநிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க எங்க இங்கன?" என்றாள். பிறகு என் காலைப் பார்த்துவிட்டு, "செருப்ப எங்க?" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அந்த அம்மா என்னைப் பார்க்காத மாதிரி தம்ளரைக் கழுவப் போனார்.

மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது, சர்க்கரை மறுபடியும் இறங்கும் என்று டாக்டரம்மா எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தார். கஞ்சி குடிக்கவைத்து, மாட்டு வண்டி பூட்டி, ரோட்டுக்குக் கொண்டுவந்து, பஸ் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வண்டியில் வரும்போது அவளிடம் கேட்டேன். பச்சைப் பக்கம் பார் என்று நான் சொன்னேனா தாயி? அவள் யோசித்தாள்.

"சொன்னிய அண்ணாச்சி. ஒரு பன்னெண்டு விசயம் சொன்னிய. இது எத்தனாவதுன்னுதான் தெரியல. பானைய மட்டும் சரியா வச்சேன்."

நான் சொல்லியிருக்கிறேன்! அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வரவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் மறதி என்று ஆறியிருப்பேன். சொல்லியும் அவளுக்குப் போய்ச் சேராதபடி நானே பதினோரு பேச்சால் மூடியிருக்கிறேன். ஆபத்தான ஒன்றும் ஆபத்தில்லாத பதினொன்றும் என் வாயில் ஒரே குரலில் வந்திருக்கின்றன. பயந்தவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தன் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறான். யாருடைய பயத்துக்கு அது மருந்து? அவனுடைய பயத்துக்கு மட்டும்தான்.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனாள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "குழலைக் காட்டச் சொன்னேனே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை. முதலாளி சைக்கிளுக்கு வாடகையும் எனக்கு ஒரு ஜோடி செருப்பும் கொடுத்தார். இவளுக்கு இனிமேல் நாற்பது குப்பியையே எழுதுங்கள் என்று நானே டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். அவர் எழுதினார். பானையில் இருந்த எண்பது குப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டு நாற்பது குப்பியைக் கொடுத்தேன். எனக்கு மனசு லேசாயிற்று.

எனக்கு லேசாயிற்று. வேலுத்தாய்க்கு? நாற்பது குப்பி என்றால் மறுபடியும் அதே விலை, அதே இருபது நாள். இருபதாம் நாள் வந்தது, அவள் வரவில்லை. இருபத்தைந்து, வரவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று பழைய குழியிலேயே இறக்கிவிட்டிருக்கிறேன். என் கை நடுங்காமல் இருப்பதற்கு அவள் பாதி மருந்தில் வாழவேண்டும் என்று ஆக்கிவிட்டேன். வேகமாகக் கொல்லுகிறதைப் பார்த்துப் பயந்து, மெதுவாகக் கொல்லுகிறதைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

முப்பத்தாறாம் நாள் வந்தாள். மாமியாரும் கூட. "எண்பதே குடுங்க அண்ணாச்சி" என்றாள். நான் முடியாது என்றேன். சீட்டில் நாற்பதுதான் இருக்கிறது என்றேன். வேறு கடையில் கேட்டுப் பார் தாயி, என் கையால் வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். அப்போது மாமியார் பேசினார்.

"வேற கடைல வாங்க மாட்டோம். வேற எவனும் தப்புச் செஞ்சா ஒத்துக்கிட மாட்டான்."

வேலுத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கவுண்டர் கண்ணாடிமேல் தன் ஊசிக் குழலையும் ஒரு சின்னத் தீக்குச்சித் துண்டையும் வைத்தாள். மருந்து முக்காத வெறும் குச்சி, இரண்டு முனையும் பிளேடால் சீராக வெட்டியது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அன்று, நர்ஸம்மாவிடம் தன் குழலிலேயே பச்சை இருபது வரை இழுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அப்போது குழல் விளிம்புக்கும் இழுக்கிற தண்டின் தலைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று ஒரு குச்சியை வைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டுவிட்டாள்.

"எண்ணும் கலரும் எனக்குக் கொழம்பும் அண்ணாச்சி. குச்சி கொழம்பாது. கட்டைல ஒரு குச்சி நூலளவு குட்டையா இருந்தாலும் எங்கண்ணுல படும். அதுக்குத்தான எனக்குக் கூலி தாராவ."

மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் குழலில் தண்ணீரை இழுத்து, குச்சியைப் பொருத்தி, குழலைத் திருப்பிப் பச்சைப் பக்கம் பார்த்தார். மூன்று தடவை. மூன்று தடவையும் பச்சை இருபதில் நின்றது. பிறகு வேலுத்தாயை இழுக்கச் சொல்லி அதையும் மூன்று தடவை பார்த்தார். எண்பது என்று சீட்டு எழுதினார். ஒவ்வொரு மாதமும் குழலையும் குச்சியையும் கொண்டுவந்து காட்டவேண்டும் என்றும் எழுதினார். இதை நீங்கள் இன்றைக்கு யாருக்கும் செய்து கொடுக்காதீர்கள். இன்றைக்கு அதற்கு அவசியம் இல்லை. நான் சொல்லவந்தது வேறு. செலவைக் குறைப்பதும் உயிரைக் காப்பதும் இரண்டு வேலை என்று நான் நினைத்திருந்தேன். வாங்க முடியாத மருந்தால் யாரும் பிழைப்பதில்லை என்பதை அந்தப் பெண்தான் எனக்குக் காட்டினாள். அதற்கு வழியும் அவளே வெட்டிக்கொண்டு வந்தாள்.

தெரியவில்லை என்றால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்ன முதலாளிக்கும், என் தப்பை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்த டாக்டரம்மாவுக்கும், பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு என்னை உண்மை பேசவைத்த அந்த அம்மாவுக்கும் நான் கடைசிவரை கடமைப்பட்டவன். முப்பத்து மூன்று வருஷம் என்னை அந்தக் கவுண்டரில் நிற்கவைத்தவர்கள் அவர்கள்தான். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

கடைக்குத் திரும்பினோம். பார்மசிஸ்ட் எண்பது குப்பியைச் சரிபார்த்து என் கையில் வைத்தார். மணலும் பானையும் உருட்டலும் துடைத்தலும் நாக்கு நுனியில் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன். குழலையும் குச்சியையும் எடுத்து அவள் கண்ணுக்கு நேரே சேர்த்துப் பிடித்தேன்.

"இந்தக் குச்சி இந்தக் குழலுக்கு மட்டுந்தான். குழல் உடைஞ்சா, குச்சியயும் ஒடிச்சுப் போட்டுட்டு நேரா இங்க வரணும். இப்ப நீ திருப்பிச் சொல்லு."

"குழல் உடைஞ்சா குச்சிய ஒடிச்சுப் போட்டுட்டு நேரா இங்க வாரேன்" என்றாள். நான் மேலும் ஏதோ சொல்வேன் என்று காத்து நின்றாள். "அம்புட்டுதானா அண்ணாச்சி?"

"அம்புட்டுதான் தாயி."

மாமியாரும் மருமகளும் படி இறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள். ரோடு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கவுண்டரில் அடுத்து நின்றவரின் சீட்டை வாங்கினேன்.